நடக்கப் போனவர் திரும்பவில்லை: கேமரன் மலையில் தொலைந்த பட்டு மன்னர்

கேமரன் மலைக்கு ஒருமுறையாவது போய் வராத மலேசியத் தமிழ்க் குடும்பத்தைப் பார்ப்பது அரிது. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய பாதையில் பின் இருக்கைப் பிள்ளைகளில் ஒருவருக்காவது வாந்தி வரும். ரிங்லெட் தாண்டியதும் காரின் கண்ணாடியை இறக்கினால் முகத்தில் குளிர்காற்று அடிக்கும். தேயிலைத் தோட்டத்தில் ஒரு படம், பிரிஞ்சாங் சந்தையில் சோளமும் ஸ்ட்ராபெரியும், இரவில் சுடச்சுட ஸ்டீம்போட். இரண்டு நாள் போவதே தெரியாது.

அந்த மலையில் 57 மில்லியன் முறை கேட்டாலும் விடை கிடைக்காத கேள்வி ஒன்று இருக்கிறது. தானா ராத்தாவுக்கு அருகே, காட்டை ஒட்டிய மேட்டில் ‘மூன்லைட்’ என்ற பங்களா. 1967ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் தேதி பிற்பகலில், உலகப் புகழ்பெற்ற வணிகர் ஒருவர் அதிலிருந்து வெளியே நடந்தார். அதன்பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. உடல் இல்லை, உடை இல்லை, காலணிகூடக் கிடைக்கவில்லை. அவர் பெயர் ஜிம் தாம்சன். தாய்லாந்துப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனவர்.

அந்த ஈஸ்டர் ஞாயிறு

பாங்காக்கிலிருந்து பினாங்கு வழியாக, நெருங்கிய தோழி ஒருவருடன் தாம்சன் மலைக்கு வந்திருந்தார். சிங்கப்பூரைச் சேர்ந்த ஒரு தம்பதியர் அவருக்கு நண்பர்கள். மூன்லைட் பங்களா அவர்களுடையது. தாம்சன் அங்கே தங்குவது அது முதல் முறையும் அல்ல. வணிகத்தின் ஓட்டத்திலிருந்து சில நாள் மூச்சு விட்டுக்கொள்வதற்கு அவருக்குப் பிடித்த இடம் அது. அந்த வாரத்தில்தான், மார்ச் 21ஆம் தேதி, அவருக்கு 61 வயது நிறைந்திருந்தது.

ஞாயிறு காலை நால்வரும் தேவாலயம் சென்றார்கள். பிறகு பிரிஞ்சாங் மலைப் பக்கம் உணவு எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டார்கள். பிற்பகலில் பங்களாவுக்குத் திரும்பியதும், மற்றவர்கள் களைப்பில் தத்தம் அறைகளில் படுத்துவிட்டார்கள். தாம்சன் மட்டும் வெளியே நாற்காலியில் இருந்தார். மாலை மூன்றரை மணி வாக்கில் சரளைக்கல் பாதையில் காலடி ஓசை கேட்டதாக வீட்டுக்காரர்கள் பின்னர் சொன்னார்கள். தாம்சன் நடக்கப் போகிறார் என்று நினைத்து அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்த என்ன இருக்கிறது? விருந்தாளி ஒருவர் மாலையில் காலாற நடந்துவிட்டு வருவது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே!

அவர் மேல்சட்டை நாற்காலியிலேயே இருந்தது. புகைக்காமல் இருக்க முடியாத மனிதர், சிகரெட்டை எடுத்துப் போகவில்லை. பித்தப்பைக் கற்களின் வலி வந்தால் போட்டுக்கொள்ளும் மாத்திரை அடங்கிய சின்ன வெள்ளிப் பெட்டியும் பங்களாவிலேயே கிடந்தது. நெடுந்தூரம் போகிறவர் இவற்றையெல்லாம் விட்டுவிட்டா போவார்? கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடும் எண்ணத்தோடுதான் அவர் இறங்கினார் என்பதற்கு இவை சாட்சி. பொழுது சாய்ந்தது. தேநீர் ஆறியது. மலையில் இருட்டு சட்டென்று இறங்கும். அன்றிரவே போலீசுக்குத் தகவல் போனது.

நெசவாளர்களின் தோழர்

இவ்வளவு பெரிய பரபரப்பு ஏன் என்பது புரிய, அவர் யார் என்று தெரிய வேண்டும்.

1906இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, நியூயார்க்கில் கட்டடக் கலைஞராக வேலை பார்த்தார். இரண்டாம் உலகப் போர் அவர் வாழ்க்கையைத் திசைமாற்றியது. சி.ஐ.ஏ.வுக்கு முன்னோடியான ஓ.எஸ்.எஸ். என்ற அமெரிக்க உளவு அமைப்பில் சேர்ந்தார். வட ஆப்பிரிக்கா, ஐரோப்பா என்று சுற்றி, கடைசியில் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து ஜப்பானியர் வசமிருந்த தாய்லாந்துக்குள் நுழைவதுதான் திட்டம். அதற்குள் 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்துவிட்டது. சண்டை போட வந்தவர் பாங்காக்கில் காலூன்றினார். ஊர் பிடித்துப்போனது. அங்கேயே தங்கிவிட்டார்.

அப்போது தாய்லாந்துப் பட்டு நெசவு கிட்டத்தட்டச் செத்துக்கொண்டிருந்தது. இயந்திரத் துணி மலிவாக வந்து இறங்க, கைத்தறியைச் சீந்துவார் இல்லை. பாங்காக்கில் பான் க்ருவா என்றொரு குடியிருப்பு கால்வாய் ஓரத்தில் இருக்கிறது. அங்கே வாழ்ந்த சாம் முஸ்லிம் குடும்பங்கள் மட்டும் தறியை விடாமல் வைத்திருந்தன. தாம்சன் அந்த வீடுகளின் படி ஏறினார். சாயம் போகாத வண்ணங்களைக் கொண்டு வந்தார், தறியை மேம்படுத்தினார். பட்டு மாதிரிகளைத் தாமே பெட்டியில் சுமந்துகொண்டு நியூயார்க் போனார். ‘வோக்’ நாகரிக இதழின் ஆசிரியரிடம் அவற்றை விரித்துக் காட்டினார். அங்கிருந்து சூடு பிடித்தது வியாபாரம். 1948இல் தாய் சில்க் கம்பெனி பிறந்தது. 1951இல் பிராட்வேயில் அரங்கேறிய ‘தி கிங் அண்ட் ஐ’ இசை நாடகத்தின் உடைகளுக்கு அவர் பட்டு பயன்பட்டது. அதற்குப் பிறகு அவருக்கு விளம்பரமே தேவைப்படவில்லை.

அவரை இன்றும் பான் க்ருவாவில் நல்லபடி நினைக்க ஒரு காரணம் உண்டு. நெசவாளர்களை ஆலைக்குள் அடைக்காமல், அவரவர் வீட்டிலேயே நெய்யவிட்டார். பெண்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே சம்பாதித்தார்கள். நிறுவனத்தின் பெரும்பங்கு தாய்லாந்துக்காரர்கள் கையில் இருந்தது. கால்வாயின் இக்கரையில், பழைய தேக்கு வீடுகள் ஆறினைப் பெயர்த்துக் கொண்டு வந்து இணைத்து, 1959இல் தமக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டார். அக்கரையில் தறி ஓசை. காலையில் துணியைப் பார்வையிடப் படகில் போவார். மாலையில் அவர் வீட்டு மேசையில் விருந்தினர் இல்லாத நாள் குறைவு.

அந்த வீட்டில் இருக்கும் அவருடைய ஜாதகத்தைக் காட்டி, “61 வயதில் கவனமாக இருக்கச் சொல்லியிருந்தது” என்று வழிகாட்டிகள் இப்போதும் கதை சொல்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் நம் விருப்பம். கேட்கும்போது சிலிர்க்கத்தான் செய்கிறது.

சல்லடை போட்ட மலை

திங்கட்கிழமை விடிந்ததும் தேடல் தொடங்கியது. போலீசார், இராணுவத்தினர், காட்டைக் கைரேகைபோல் அறிந்த ஓராங் அஸ்லி மக்கள், விடுமுறைக்கு வந்திருந்த பயணிகள் என்று நூற்றுக்கணக்கானோர் இறங்கினார்கள். மேலே ஹெலிகாப்டர் வட்டமிட்டது. தகவல் தருவோருக்குப் பெரும் பரிசு அறிவிக்கப்பட்டது. பூர்வகுடியினரோடு பழகி, அவர்கள் காட்டை நன்கு அறிந்த பிரிட்டிஷ் மானிடவியலாளர் ரிச்சர்ட் நூனும் வந்து தேடினார். தாம்சன் இந்தக் காட்டில் இல்லை என்பது அவர் முடிவு.

பொமோக்கள் வந்தார்கள். குறி சொல்வோர் வந்தார்கள். பீட்டர் ஹுர்கோஸ் என்ற புகழ்பெற்ற டச்சுக்காரர், தாம்சன் கடத்தப்பட்டுக் கம்போடியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார் என்று ஞானதிருஷ்டியில் கண்டதாகச் சொன்னார். அதை நம்பித் தேடியும் பயன் இல்லை. பத்து நாளுக்கு மேல் நடந்த அதிகாரபூர்வத் தேடல் வெறுங்கையோடு முடிந்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் இன்னோர் இடி. அமெரிக்காவில் தாம்சனின் அக்காள் தம் வீட்டிலேயே கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். கொலையாளி யார் என்று தெரியவில்லை. இரண்டு சம்பவங்களையும் இணைக்க ஓர் ஆதாரமும் அகப்படவில்லை. ஆனால் வதந்திக்கு ஆதாரம் எதற்கு? அது தானே கால் முளைத்து நடந்தது.

ஆளுக்கொரு கதை

ஐம்பது ஆண்டுக்கு மேலாக உலவும் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, நம் வீட்டுக் கணக்குப்போலக் கூட்டிக் கழித்துப் பார்ப்போம்.

புலி அடித்தது என்பது முதல் கதை. அந்தக் காலத்தில் அந்த மலைக்காட்டில் புலி இருந்தது உண்மை. ஆனால் புலி அடித்தால் இரத்தக் கறை, கிழிந்த துணி, இழுத்துச் சென்ற தடம் என்று ஏதாவது மிஞ்சும். தடம் பார்ப்பதில் தேர்ந்த ஓராங் அஸ்லி கண்களுக்கு அப்படி எதுவும் படவில்லை.

பணத்துக்காகக் கடத்தினார்கள் என்பது இரண்டாவது. கடத்தியவன் பணம் கேட்பான். யாரும் கேட்கவில்லை. பரிசுத் தொகைக்கு ஆசைப்பட்டு எத்தனையோ பேர் கதை அளந்தார்கள். அவர்களில் ஒருவராலும் அவர் உயிரோடு இருந்ததற்குச் சான்று காட்ட முடியவில்லை.

அரசியல் என்பது மூன்றாவது. தாம்சன் பழைய உளவாளி. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம் அது. 1947 இராணுவப் புரட்சியில் பதவி இழந்து, பின்னர் சீனாவில் தஞ்சம் புகுந்திருந்த தாய்லாந்துத் தலைவர் பிரிடி பனோம்யோங்கோடு அவருக்குப் பழைய நட்பு உண்டு. நம் நாட்டில் அவசரகாலம் 1960இல் முடிந்திருந்தாலும், கம்யூனிஸ்டு கொரில்லாக்கள் தாய்லாந்து எல்லைக் காட்டில் பதுங்கியிருந்தார்கள். அவர்களே அவரைப் பிடித்துக் கொன்றதாக 2017இல் ஓர் ஆவணப்படம் வாதிட்டது. கதை பொருந்துவதுபோல்தான் இருக்கிறது. ஆனால் அதுவும் காலங்கடந்து வந்த வாய்மொழியில் நிற்கிறதே தவிர, கையில் பிடிக்க ஒரு எலும்பும் இல்லை, ஒரு காகிதமும் இல்லை. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அவர் அன்று எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் நடப்பார் என்று அவருக்கே தெரிந்திருக்குமா? அப்படியிருக்க, கடத்தல்காரர்கள் எப்படிக் காத்திருந்தார்கள்?

தாமே ஓடி ஒளிந்துகொண்டார் என்பது நான்காவது. மருந்தையும் புகையையும் விட்டு, கையால் ஒவ்வொரு பொருளாகத் தேடிச் சேர்த்த வீட்டையும் விட்டு, எந்த அடையாளமும் இல்லாமல் ஒரு 61 வயது மனிதர் கடைசிவரை ஒளிந்து வாழ்வது கடினம்.

சாலையில் லாரி மோதி, பயந்துபோன ஓட்டுநர் உடலை மறைத்துவிட்டார் என்பது ஐந்தாவது. நடக்கக்கூடியதுதான். மெய்ப்பிக்கத்தான் வழியில்லை.

எஞ்சுவது எளிய விடை. அவர் வழி தவறினார், அல்லது பள்ளத்தில் விழுந்தார். காடு அவரை மூடிக்கொண்டது.

காடு எப்படி மூடிக்கொள்ளும்?

“போர்க்காலத்தில் காட்டுப் பயிற்சி பெற்றவர் எப்படித் தொலைவார்?” என்று கேட்பவர்கள் உண்டு. தொலைவதற்குப் பெரிய காடு வேண்டியதில்லை.

ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக்கழகத்தினர் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனிதர்களைக் காட்டிலும் பாலைவனத்திலும் விட்டு, நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியன் தெரிந்தபோது பெரும்பாலும் நேராக நடந்தார்கள். மேகம் மூடிய காட்டில் நடந்தவர்களோ, தாங்கள் நேராகப் போவதாக நம்பிக்கொண்டே வட்டமடித்தார்கள். சிலர் தாங்கள் கடந்த தடத்தையே மீண்டும் கடந்ததுகூட அவர்களுக்குத் தெரியவில்லை.

கேமரன் மலையில் பிற்பகலில் மேகம் இறங்குவது நமக்குத் தெரியும். 1,400 மீட்டருக்கு மேலே பாசி படர்ந்த வேர்களும், இலைச் சருகு மூடிய பள்ளங்களும், பத்தடிக்கு அப்பால் எதையும் காட்டாத புதர்களும் நிறைந்த காடு அது. பாதையிலிருந்து விலகிச் சரிவில் ஒருவர் விழுந்தால், மேலே நடப்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். காயத்தோடு கத்தினால், ஓடை ஓசையில் அது கேட்காமலும் போகலாம். பித்தப்பை வலி வந்து மடங்கி விழுந்திருந்தாலும் மருந்து கையில் இல்லை. மழையும் வெப்பமும் பூச்சியும் காட்டுப்பன்றியும் உள்ள இடத்தில் ஓர் உடல் அடையாளமின்றிக் கலைந்துபோக வெகுநாள் ஆகாது. இதுவும் ஊகம்தான். ஆனால் இதற்கு எந்தச் சதிகாரனும் தேவையில்லை.

உயிரோடா, இல்லையா?

தொலைந்தவரைவிடக் கொடுமையான நிலை, காத்திருப்பவர்களுடையது. இறந்தவருக்கு நாம் அழுவோம், எட்டு, பதினாறு செய்வோம், ஆண்டுதோறும் திதி கொடுப்போம். மனம் மெல்ல ஆறும். காணாமற்போனவருக்கு என்ன செய்வது? படத்துக்கு மாலை போட்டால் துரோகம்போல இருக்கும். போடாவிட்டால் புண் ஆறாது. கதவு தட்டும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதறும். அமெரிக்கப் பேராசிரியர் போலீன் பாஸ் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். நம்மில் சில குடும்பங்களில் 12 ஆண்டுகள் காத்திருந்து, தர்ப்பையால் உருவம் செய்து கருமம் முடிக்கும் வழக்கம் இருந்தது. நம் மூத்தவர்கள் இந்த வலியை அறிந்துதான் அதற்கு ஒரு முடிவை ஏற்படுத்தி வைத்தார்கள் என்று தோன்றுகிறது.

இது மலேசியர்களுக்குப் புதிதும் அல்ல. 2014 மார்ச் 8ஆம் தேதி கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் புறப்பட்ட எம்.எச். 370 விமானத்தில் 239 பேர் இருந்தார்கள். 2015 ஜனவரியில் அரசாங்கம் அதை விபத்து என்றும், அனைவரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாகவும் அறிவித்தது. அறிவிப்பு வந்துவிட்டால் காத்திருப்பு நின்றுவிடுமா என்பதை அந்தக் குடும்பங்களைக் கேட்டால்தான் தெரியும்.

சட்டம் தன் வழியில் ஒரு கோடு போடுகிறது. நம் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின்படி, ஒருவர் உயிரோடு இருந்திருந்தால் இயல்பாக அவரைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவர்கள் 7 ஆண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். தாம்சனையும் தாய்லாந்து நீதிமன்றம் 1974இல், சரியாக 7 ஆண்டுகள் கழித்தே, இறந்தவராக அறிவித்தது. அதுவரை சொத்து, வங்கிக் கணக்கு, கடன் எல்லாம் தொங்கலில் நிற்கும். கணவனோ மனைவியோ தனியாக இந்தச் சுமையைத் தாங்க வேண்டிய நிலையை நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் கிளம்பும்போது

இன்று நம் பிள்ளைகள் திங்கட்கிழமை ஜகார்த்தா, புதன்கிழமை பாங்காக் என்று வேலைக்காகப் பறக்கிறார்கள். “சின்ன மீட்டிங்தான், நாளைக்கு வந்துடுவேன்மா” என்று சொல்லிவிட்டு ஓடுகிறார்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் சில பழக்கங்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

விமான எண், தங்கும் விடுதி, சந்திக்கப் போகும் நபரின் தொலைபேசி எண் ஆகியவற்றை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். அலுவலகத்துக்குத் தெரியும் என்பது போதாது. சிங்கப்பூரர்கள் வெளியுறவு அமைச்சின் இணையப் பதிவில் பயணத்தைப் பதிந்துகொள்ளலாம். காட்டுப் பாதையில் நடக்கப் போனால், சிறிது தூரமே என்றாலும், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று விடுதிக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். விசில், தண்ணீர், மருந்து, சார்ஜ் உள்ள கைப்பேசி கையில் இருக்கட்டும். வழி தவறினால் மேலும் மேலும் நடக்காமல் நின்ற இடத்திலேயே இருங்கள். தேடுவோருக்கு நகராத ஆளைக் கண்டுபிடிப்பது எளிது.

வீட்டில் இருப்பவர்களும் தயங்க வேண்டாம். 24 மணி நேரம் கழித்துத்தான் போலீசில் புகார் கொடுக்க முடியும் என்பது படத்தில் பார்த்த வசனம். மனம் உறுத்தினால் அப்போதே போங்கள். முதல் சில மணி நேரமே பொன்னானது. ஊழியர் சேமநிதியிலோ மத்திய சேமநிதியிலோ வாரிசுப் பெயர் எழுதாமல் தள்ளிப்போட்டிருந்தால், அதையும் இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

தறி ஓசை

பாங்காக்கில் தாம்சனின் தேக்கு வீடு இன்று அருங்காட்சியகம். நம் ஊரிலிருந்து போகும் சுற்றுப்பயணிகள் வரிசையில் நின்று நுழைவுச்சீட்டு வாங்குகிறார்கள். அவர் தொடங்கிய நிறுவனமும் நின்றுவிடவில்லை. அவர் பெயரைத் தாங்கிய பட்டு விமான நிலையக் கடைகளில்கூடக் கிடைக்கிறது.

இங்கே கேமரன் மலையில், பங்களாவும் நிற்கிறது, காடும் நிற்கிறது. அடுத்த முறை நீங்கள் குடும்பத்தோடு மேலே போகும்போது, மூன்றரை மணி வாக்கில் மேகம் தேயிலைச் சரிவில் இறங்குவதைப் பாருங்கள். பிள்ளைகளில் யாராவது “கொஞ்சம் நடந்துட்டு வரேன்” என்று கிளம்பினால், தடுக்க வேண்டாம். “எந்தப் பக்கம்? எத்தனை மணிக்கு வருவே?” என்று மட்டும் கேட்டு வையுங்கள். மூன்லைட் பங்களாவில் அன்று யாரும் கேட்காத கேள்வி அது. அவர்கள் மேல் தவறும் இல்லை, யாருக்குமே கேட்கத் தோன்றியிருக்காது.